நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் காணவில்லை

நாற்பத்தொன்றுக்கு அடுத்து நாற்பத்துமூன்று இருந்தது.

ஸ்பீக்கர் விரலை நாக்கில் தொட்டு இன்னொரு முறை புரட்டினான். தாள் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று கார் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இல்லை. நூற்றுப் பதினெட்டுப் பக்கக் கோப்பில் அந்த ஒரு தாள் மட்டும் போன இடம் தெரியவில்லை.

"அக்கா, சில கட்டடத்துல பதிமூணாவது மாடிக்கு நம்பர் போட மாட்டாங்க. இந்த ஆஸ்பத்திரிக்கு நாப்பத்திரண்டு ஆகாது போல."

அக்கா சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் நீதிமன்றத்துப் பதிவறையில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். தாளைத் தடவிப் பார்த்தே அது எத்தனை கை மாறியது என்று சொல்லிவிடுவாள். ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிர். வேனில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் சொன்னவன்; பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். நாற்பது வயதுக்குள் ஏழு வேலை போயிருந்தது. ஏழும் வாயால் போனவை. எட்டாவது, அக்காவுக்கு உதவியாள்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார். ஸ்டியரிங்குக்கு முன்னால் அக்கா. பக்கத்து இருக்கையில், பயிற்சியாளருக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் கால் வைத்தபடி, அவர்களைத் தேடி வந்த பயிற்சியாளர், மாஸ்டர். கார் ஓடவில்லை. ஆனாலும் அவர் பிரேக்கை விடவில்லை. கண் எதிரே இருந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன் அவருடைய மனைவி இந்த ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனாள். பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை அவளுக்கு. இரத்தத்தில் வந்த புற்றுநோய்.

"ஊர்க்கோடியில இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்து சரி பண்ணிட்டாங்க" என்றார் மாஸ்டர். இந்தக் கதையை அவர் பலபேரிடம் சொல்லிச் சொல்லி, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் போயிருந்தது. "அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுத்து, திரும்ப வருதான்னு பாக்கணும். அதுக்கு மட்டும் இங்க மாத்துனோம். அஞ்சு தடவை பார்த்தாங்க. அஞ்சு தடவையும் 'இல்லை'ன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஆறாவது தடவைக்கு முன்னாலேயே அவ படிக்கட்டுல மயங்கி விழுந்தா. உடம்பு பூரா பரவியிருக்குன்னாங்க. அவளோட கடைசி நாள்ல ஒரு சின்ன டாக்டர் வாய்தவறிச் சொல்லிட்டாரு, இது ரெண்டாவது டெஸ்ட்லேயே தெரிஞ்சிருக்கணுமேன்னு."

"அதுக்கப்புறம்தான் கோப்பை வாங்குனீங்க?"

"எல்லாம் முடிஞ்சு, போன மாசம்தான் வாங்குனேன். பாத்தா பக்கம் இல்லை. யாரோ உருவியிருக்கான். யாருன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ஸ்பீக்கர் கோப்பை மூடி அக்காவைப் பார்த்தான். முந்தாநாள் மாஸ்டர் இதே காரில் ஒரு டாக்டரின் வண்டியை அவர் வீட்டு வாசல்வரை பின்தொடர்ந்து போயிருக்கிறார். போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா பாத்துட்டு வந்தேன்" என்றார்.

அக்கா சாவியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். "நாங்க வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க."

*

பதிவறை தரைக்குக் கீழே இருந்தது. குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. அலுவலர் மாஸ்டரின் அனுமதிக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, பிறகு நேராகத் திருப்பினார்.

"இங்கேயிருந்து தாள் காணாமப் போகாதுங்க. யார் எடுத்தாலும் ரிஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் எடுக்கணும்."

"அப்ப ரிஜிஸ்டரைக் கொடுங்க, காணாமப் போகாத தாளை அதுல தேடுறோம்" என்றான் ஸ்பீக்கர்.

தடித்த பதிவேடு. ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமையில் அது இருந்தது. கோப்பு எண் சரி. பக்கம் 42. 'எடுத்தவர்' என்ற கட்டத்தில் கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து. 'எங்கே' என்ற கட்டத்தில்: மூன்றாம் மாடி, 311. 'திரும்பி வந்த நாள்' கட்டம் காலி.

"யார் சார் இது?"

"தினம் முந்நூறு பேரு வர்றாங்க. முகத்தையா பாக்க முடியும்? 311ன்னா லேப் டேட்டா செக்‌ஷன். அங்க ஒருத்தர் இருக்காரு, குனிஞ்ச தலை நிமிராத ஆளு. அவர்தான் வாங்கி வச்சிருப்பாரு."

ஸ்பீக்கருக்குக் கை பரபரத்தது. ஆள் கிடைத்துவிட்டான்! ஆனால் அக்கா இன்னும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே 'மருத்துவமணை ஆவணப் பதிவேடு' என்று அச்சாகியிருந்தது. மூன்று சுழி 'ண'. வருடக்கணக்காக அப்படியே இருந்திருக்கிறது. அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் மட்டும் யாரோ சிவப்பு மையால் 'ண'வைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் சுத்தமாக ஒரு 'ன' எழுதியிருந்தார்கள்.

"மூணு சுழியை ரெண்டு சுழியாக்க ஆபரேஷன் பண்ணியிருக்காங்க அக்கா. ரத்தம்கூட வந்திருக்கு பாருங்க."

அலுவலர் சிரித்தார். அக்கா போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஸ்பீக்கர் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

*

311இல் இரண்டு கணினிகளும் இரண்டு நாற்காலிகளும் ஒரு முக்காலியும் இருந்தன. டேட்டாக்காரர் நெட்டையான மனிதர். தன் உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் கூன் போட்டிருந்தார். கடிதத்தில் இருந்த நோயாளியின் பெயரைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அவங்க... வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"கீழ கார்ல இருக்காரு" என்றாள் அக்கா. "நாப்பத்திரண்டாம் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"ஒரே ஒரு வரிதாங்க."

"அந்த ஒரு வரிக்கா ஒரு பக்கத்தையே தூக்குனீங்க?" என்று ஸ்பீக்கர் பாய்ந்தான். அக்கா கையைக் காட்டி அடக்கினாள்.

டேட்டாக்காரர் உட்கார்ந்தார். விளக்க ஆரம்பித்ததும் அவர் குரல் கொஞ்சம் நிதானமானது. வேலையைப் பற்றிப் பேசும்போதுதான் இவருக்கு மூச்சே சரியாக வரும் போலிருக்கிறது என்று ஸ்பீக்கர் நினைத்தான்.

"நம்ம உடம்புல காவலுக்குச் சுத்துற செல் கோடிக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் கிருமியைப் பிடிக்க ஒரு கொக்கி வச்சிருக்கும். ஒண்ணோட கொக்கி மாதிரி இன்னொண்ணோடது இருக்காது. இந்த வியாதியில அதுல ஒரே ஒரு செல் கெட்டுப்போய், தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகும். அத்தனை நகலுக்கும் ஒரே கொக்கி. அந்தக் கொக்கியை ஆங்கில எழுத்து வரிசையா எழுதி வச்சுக்கிட்டா, பின்னாடி எப்ப ரத்தம் எடுத்தாலும் அந்த வரி இருக்கான்னு தேடலாம்."

"கைரேகை மாதிரி."

"அதேதான். பெரிய ஆஸ்பத்திரி லேப் அவங்க கொக்கியை எழுதி அனுப்புனாங்க. அதுதான் நாப்பத்திரண்டாம் பக்கம். பதிமூணு எழுத்து." அவர் திரையில் ஒரு வரியைத் தட்டினார். கீழே இன்னொன்றைத் தட்டினார். "இது அவங்க ரத்தத்துல எங்க லேப் படிச்சது. பதினொண்ணு."

ஸ்பீக்கர் திரையருகே குனிந்தான். மேல்வரி 'சி'யில் தொடங்கி 'டபிள்யூ'வில் முடிந்தது. கீழ்வரியில் அந்த இரண்டு எழுத்தும் இல்லை. நடுவில் இருந்த பதினொன்றும் அச்சு அசல் ஒன்றுதான்.

"இந்த மாதிரி கொக்கிக்கெல்லாம் தலையில சி, வால்ல டபிள்யூ. அநேகமா மாறவே மாறாது. அந்த லேப்ல அதையும் சேர்த்து எழுதுவாங்க. எல்லாருக்கும் ஒண்ணுதானே, எதுக்கு எழுதணும்னு எங்க லேப்ல விட்டுடுவாங்க. ஆனா ரெண்டு லேப்லயும் அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு ஒண்ணுதான். கம்ப்யூட்டர் தலைப்பைப் பார்த்தது, பதிமூணு எழுத்தைத் தேடுச்சு, கிடைக்கலை. 'இல்லை'ன்னு அச்சடிச்சுக் கொடுத்துடுச்சு."

"பள்ளிக்கூடத்துல இனிஷியலோட பேரைக் கூப்பிட்டிருக்காங்க" என்றான் ஸ்பீக்கர் மெதுவாக. "அது இனிஷியல் இல்லாம முதல் பெஞ்சுலயே உக்காந்திருக்கு."

"ரெண்டாவது டெஸ்ட்லேர்ந்து உக்காந்திருந்துச்சுங்க."

அக்கா திரையில் கீழ்வரியை விரலால் தொட்டாள்.

"அப்போ யார் பண்ணின தப்பு?" என்று கேட்டாள் அக்கா.

"அவங்க முறைப்படி அவங்க எழுதுனது சரி. எங்க முறைப்படி நாங்க எழுதுனதும் சரி. எல்லா லேப்பும் ஒரே படிவத்துல எழுதணும், எந்தக் கட்டத்துல எதை எழுதறது, தலை வால் உண்டா இல்லையான்னு முடிவு பண்ணணும்னு ரெண்டு வருஷமா கூட்டம் போட்டோம். நான்தான் கடிதம் எழுதிட்டிருந்தேன். எங்க முறையை நாங்க மாத்துனா இத்தனை நாள் தப்பா எழுதுனோம்னு ஆயிடும்னு ரெண்டு பக்கமும் பிடிவாதம். கூட்டம் தள்ளிப்போச்சு. திரும்பவும் தள்ளிப்போச்சு. நானும் சரி அடுத்த மாசம்னு விட்டுட்டேன்."

ஸ்பீக்கருக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை நினைக்கவே வெட்கமாகவும் இருந்தது. பிடித்து உலுக்க ஒரு ஆள் வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தார்கள். இங்கே கூன் விழுந்த ஒரு மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"பக்கத்தை நீங்க உருவலை" என்றாள் அக்கா.

"இல்லைங்க."

அக்கா போனை அவர்முன் வைத்தாள். சிவப்பு மையில் அடிபட்ட 'ண' திரையில் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் டேட்டாக்காரரின் வாய் கோணிக்கொண்டது.

"அவங்களால சும்மா இருக்கவே முடியாதுங்க. போற இடமெல்லாம் திருத்துவாங்க."

"எவங்க?" என்றான் ஸ்பீக்கர். கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பேஷண்ட்தான்."

அவர் அலமாரியைத் திறந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு தாளை எடுத்தார். பக்கம் 42. அச்சான வரியில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சுற்றிச் சிவப்பு வட்டம். அதன் கீழே பதினொரு எழுத்து வரியைக் கையால் எழுதி, ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இரண்டும் ஒரே வரி. எது மூலப்படி? பார்க்கவும்.'

"வார்டுல படுத்திருக்கும்போது கோப்பைப் படிச்சிருக்காங்க. பொழுது போகலைன்னு. எங்க லேப் படிச்ச வரியும் அதே கோப்புல இருந்துச்சு. மூலத்தையும் மெய்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுதானே அவங்க வேலை. அஞ்சு டாக்டர் பாத்த தாள்ல அவங்க கண்ணுலதான் பட்டுச்சு. வீட்டுக்குப் போனப்புறம் ஒரு வியாழக்கிழமை பதிவறையில இந்தத் தாளை வாங்கிட்டு இங்க வந்து, 'ஏங்க, இது ரெண்டும் ஒண்ணுதானே?'ன்னு கேட்டாங்க. நான் பாத்தேன். எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு."

"திட்டுனாங்களா?"

"திட்டியிருந்தா தேவலையே. முதல்ல கேட்ட கேள்வி, 'அங்கேயிருந்து என்னை மாதிரி இங்க மாறி வந்தவங்க எத்தனை பேரு?' முப்பத்தொரு பேரு. அன்னைக்கே அத்தனை பேரோட வரியையும் தலை வால் சேர்த்துத் திரும்ப ஓட்டுனேன். மூணு பேருக்கு இருந்துச்சு. மூணு பேருக்கும் சீக்கிரமே மருந்து ஆரம்பிச்சாச்சு. இப்ப மூணு பேரும் நடமாடிக்கிட்டு இருக்காங்க."

"அவங்களுக்கு?"

டேட்டாக்காரர் தலையை ஆட்டினார். "அப்பவே தாண்டிப் போயிருச்சு. ரெண்டாவது டெஸ்ட்லேயே தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பேனான்னு பெரிய டாக்டரையே கேட்டாங்க. அவரு, சொல்ல முடியாதும்மா, ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்னு மறைக்காம சொன்னாரு. மன்னிப்பும் கேட்டாரு. உங்க வீட்டுக்காரர்கிட்ட நாங்களே சொல்றோம்னாரு. இவங்கதான் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க."

"ஏன்?"

"'பஸ்ல போகவர நான் வாந்தி எடுக்கறதைப் பாக்க முடியாம அவர்தான் இங்க மாத்துனாரு. இது தெரிஞ்சா மனுஷன் தன்னைத்தானே தின்னுடுவாரு'ன்னாங்க." அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அது எப்போதோ துடைத்தாகிவிட்டது. "இந்தத் தாளை நான் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போனேன். நடுவுல வச்சேன், ஒண்ணும் பேசலை. கால் மணி நேரத்துல ரெண்டு லேப்பும் ஒரே படிவத்துக்குக் கையெழுத்துப் போட்டாங்க. படிவத்தோட விதிப் புத்தகத்துல உதாரணத்துக்கு ஒரு வரி வேணும். போன்ல கேட்டேன். 'என்னோடதையே போடுங்க, பேரு வேண்டாம்'னாங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் பாக்கணும்னாங்க. அனுப்பி வைக்கறதுக்குள்ள..."

தாளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

*

படிக்கட்டில் ஸ்பீக்கர் அக்காவை மறித்துக்கொண்டு நின்றான்.

"எலி தின்னுடுச்சுன்னு சொல்லிடலாங்க்கா."

"எந்த எலி?"

"ஏதோ ஒரு எலி. நான் சொல்றேன். எனக்குப் பொய் சொல்லி நல்லா பழக்கம், அதுவும் மைக் வச்சு. அந்தம்மா கையெழுத்துப் போட்டு வேண்டாம்னு சொன்னதை நாம யாரு..."

"முந்தாநாள் அவர் ஒரு டாக்டர் வீட்டு வாசல்ல போய் நின்னாரு" என்றாள் அக்கா. "நாளைக்கு எந்த வாசல்ல நிப்பாரு? இல்லாத கொலைகாரனைத் தேடிக்கிட்டே இருந்தா, ஒருநாள் எவனையாவது பிடிச்சுக்குவாரு. அந்தம்மாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்க."

"இது தெரிஞ்சா அவர் உடைஞ்சு போயிடுவாருக்கா."

"உடைஞ்சுதான் இருக்காருடா."

ஸ்பீக்கர் வழி விட்டான்.

*

அக்கா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. மாஸ்டர் வாசலைப் பார்ப்பதை நிறுத்தி, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் அடிவரை அழுந்தியிருந்தது.

"வியாழக்கிழமையா?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"ஞாபகம் இருக்கு. ஒரு பொண்ணுக்கு லைசென்ஸ் டெஸ்ட். கூட்டிட்டுப் போகணும். இவ மாத்திரை வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போனவ வரவே இல்லை. மூணு தடவை போன் பண்ணேன். மூணு தடவையும் கட் பண்ணா. வந்தவுடனே, அப்படி என்னடி கிழிச்சே மேலன்னு கத்துனேன். பாத்ரூம்ல கூட்டம்னா. அதுக்கும் ஏதோ சொன்னேன்... வீடு போற வரைக்கும் பேசலை. அவ பேசுனா. நான்தான் பேசலை."

பின்சீட்டில் இருந்த ஸ்பீக்கர் முன்னால் சாய்ந்து அவர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் இங்க மாத்துனேன்" என்றார் மாஸ்டர்.

"ஆமா. நீங்கதான் மாத்துனீங்க" என்றாள் அக்கா. "எதுக்கு மாத்துனீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதை அந்த ஆள்கிட்ட சொல்லியும் இருக்காங்க."

மாஸ்டரின் தோள்கள் குலுங்கின. நெற்றியை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் நின்ற ஒருவன் காரை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தான். ஸ்பீக்கர் இறங்கிப்போய், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனிடம் கையெடுத்துக் கும்பிட்டு, சுற்றிப்போகச் சொல்லிவிட்டு வந்தான்.

மாஸ்டர் நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"எவ்வளவு நேரம் மேல இருந்தா?"

"நாப்பது நிமிஷம்னு சொன்னாரு."

"அவளைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன். நாப்பது நிமிஷம் அந்த ஆள்கிட்ட இருக்கு."

கதவைத் திறந்து இறங்கினார். அக்கா பதறிக் கையை நீட்டினாள். அவர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். ஸ்பீக்கர் பின்னால் ஓடினான். மூன்று மாடியும் மாஸ்டர் ஏறிய வேகத்தைப் பார்த்து, இந்த ஆளைப் பிடித்து நிறுத்தத் தன் உடம்பில் வலு இருக்கிறதா என்று கணக்குப் போட்டபடியே ஏறினான்.

311இன் கதவு திறந்திருந்தது. டேட்டாக்காரர் எழுந்தார். யார் என்று கேட்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, அடி வாங்கத் தயாராக நின்றார்.

மாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கணினி, ஜன்னல், நாற்காலிகள்.

"உக்காந்தாளா?"

"உக்காந்தாங்க. இதுலதான்."

அது ஜன்னலோரத்து நாற்காலி. மாஸ்டர் அதன் முதுகைத் தொட்டார். பிறகு மூலையில் இருந்த முக்காலியை இழுத்து, அந்த நாற்காலிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. எதையும் விட்டுடாதீங்க. கதவைத் தட்டுனாளா?"

"தட்டுனாங்க. நான் போன்ல இருந்தேன், கேக்கலை. திரும்பத் தட்டுனாங்க."

ஸ்பீக்கர் கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினான். மூச்சு வாங்க ஏறி வந்த அக்கா என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள்.

"கொஞ்சம் நேரமாகும்க்கா" என்றான்.